பலகை தானாகப் படியட்டும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த ஆறு படங்களும் வெள்ளிக்கிழமை கிடைத்தன. வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே பிற்பகல் ஆனால் இடியும் மழையும்தான். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பாதி நாள் வீட்டில் இருக்கிறார்கள். இந்த ஈரம் நீ பெட்டியில் வாங்கிக் கட்டும் மாதிரிக் கப்பலுக்கும் சேதி சொல்லும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

படங்களைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஐந்தாவது பலகைமேல் ஆறாவது, கூரை ஓடு மாதிரி ஏறி நிற்கிறது. மரம் சரியில்லையோ என்று கேட்டிருக்கிறாய். மரத்தில் குறை இல்லை. முதல் ஐந்து பலகையையும் நீ முழு அகலத்தோடு அணியம்வரை ஓட்டிவிட்டாய், அதுதான் காரணம்.

நீ எழுதிய அளவுகளையே எடுத்துக்கொள். தளத்தின் ஓரத்திலிருந்து ஏராவரை (அடிமரம்வரை) நடு வங்கில் (குறுக்குச் சட்டத்தில்) 100 மி.மீ., அணியத்தில் 60, பின்பக்கம் 115. பலகை 5 மி.மீ. அகலம். நடுவில் 20 பலகை பிடிக்கும். அதே 20 பலகையும் அணியத்துக்குள் போக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் அங்கே 3 மி.மீ. ஆகச் சிறுக்க வேண்டும். நீ சிறுக்காமல் விட்ட ஐந்தும் 25 மி.மீ. இடத்தைத் தின்றுவிட்டன. மிச்சம் 35 மி.மீ., பலகை 15. ஆளுக்கு 2.3தான் வரும். பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5க்குக் கீழே, எந்தப் பலகையையும் சீவக் கூடாது. அந்த மெல்லிய முனையில் பசையும் பிடிக்காது, ஊசி அடித்தால் பலகையும் பிளந்துவிடும்.

அதனால் ஆறாவதை எடுத்துவிடு. வெள்ளைப் பசைதானே, வெந்நீரில் நனைத்த பஞ்சை மேலே கால் மணி நேரம் வைத்தால் இளகும். கத்தி முனையை மெதுவாக உள்ளே விட்டுக் கிளப்பு. மேலே உள்ள ஐந்தையும் அப்படியே விடு. உன் கப்பல் இரண்டு அடுக்கு. லைம் மரத்தின்மேல் வால்நட் வரப்போகிறது, கீழ் அடுக்கின் அழகை யாரும் பார்க்கப்போவதில்லை. வளைவு ஒழுங்காக இருந்தால் போதும். மீதி 15 பலகையில் ஏதாவது இரண்டு வரிசையை அணியத்தில் ஒன்றாக முடி. முதல் வங்கிலிருந்து இரண்டாவது வங்குவரை ஒரே பலகை, அங்கிருந்து பின்னால் இரண்டு. அப்போது அணியத்தில் 14 முனைதான், 35ஐ 14ஆல் வகுத்தால் சரியாக 2.5. தப்பித்தோம்.

பின்பக்கம் இதற்கு நேர்மாறு. 20 பலகை 100 மி.மீ.தான் மூடும், 15 மி.மீ. திறந்தே கிடக்கும். அங்கே பலகையை இழுத்து இடைவெளியை மூடப் பார்க்காதே. பலகைகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டு, விரிந்த இடத்தில் மூன்று ஆப்புப் பலகைகளைச் சொருகு. ஆப்பின் நுனியை ஊசியாக இறக்காமல் 2.5 மி.மீ. மொட்டையாக விட்டு, பக்கத்துப் பலகையில் சின்ன வெட்டு கொடுத்து அதில் உட்கார வை.

ஒவ்வொரு வங்கிலும் கணக்குப் போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரிய தாளில் ஒரு புள்ளியை நோக்கிக் கூடுகிற மாதிரி சம இடைவெளியில் விசிறிக் கோடுகள் போடு. 15 பலகைக்கு 16 கோடு, 14 முனை வரும் அணியத்தில் 15 கோடு. காகிதப் பட்டையை வங்கின்மேல் சுற்றி, ஐந்தாவது பலகையின் விளிம்பிலிருந்து ஏராவரை அளந்து வெட்டு. அந்தப் பட்டையை விசிறியின் குறுக்கே, கோடுகளின் நெடுக்குக்கு நேர்க்குறுக்காக, முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே சரியாகப் பொருந்தும் இடத்தில் வை. நடுக்கோடுகள் படுகிற இடமெல்லாம் குறித்து, பட்டையைத் திரும்ப வங்கில் வைத்துப் பென்சிலால் மாற்று. எல்லா வங்கும் முடிந்ததும் ஒரு மெல்லிய குச்சியைக் குறிகளின்மேல் ஓட்டிப் பார். ஏதாவது ஒரு வங்கில் குச்சி நெளிந்தால் குறி தப்பு. கண்ணை நம்பித் திருத்து. இடம், வலம் இரண்டுக்கும் பலகைகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் சீவினால் இரண்டு பக்கமும் ஒத்து வரும்.

இன்னொன்று. உன் மூன்றாவது படத்தில் வங்குகளின் ஓரம் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது. லேசரில் அறுத்த கரி அது. அணியத்துப் பக்கத்து வங்குகளில் முன்விளிம்பைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும், பின்விளிம்பில் மட்டும் மயிரிழைக் கரிக்கோடு மிஞ்ச வேண்டும். பின்பக்கத்து வங்குகளில் இதைத் திருப்பிச் செய். கால் மீட்டர் நீளப் பலகைத் துண்டில் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று வங்கில் படும்படி இழு. ஒற்றை வங்கைத் தனியாகத் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். கரியின்மேல் பசை சரியாகப் பிடிக்காது என்பதையும் மறக்காதே. அணியத்தின் முதல் இரண்டு வங்குக்கு நடுவே லேசான பால்சா மரக் கட்டை வைத்து வளைவாகத் தேய்த்துவிடு. அந்த வளைவில் பலகைக்கு முழு ஆதாரம் வேண்டும்.

சுக்கான் மாட்டும் பின்கம்பத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். ஏராத் தட்டு, அதாவது வங்குகளைக் கோத்த நடுத் தட்டு, 5 மி.மீ. கனம். ஒரு பக்கம் லைம் 1.5, வால்நட் 0.5, ஆக 2. இரண்டு பக்கமும் 4. வெளியே வரும் கம்பமும் 5 மி.மீ.தான். அப்படியென்றால் பலகை முடியும் இடத்தில் தட்டு 1 மி.மீ. ஆகத் தேய்ந்திருக்க வேண்டும். வரைபடம் இதைச் சின்ன எழுத்தில் சொல்லிவிட்டுப் போய்விடும். செய்யாவிட்டால் பலகை கம்பத்தைவிடத் தடித்து நிற்கும், சுக்கானும் உட்காராது. கீழ்ப் பலகை ஒட்டுவதற்குள் முடித்துவிடு.

வளைப்பதற்கு லைம் பலகையை வெந்நீரில் 20 முதல் 30 நிமிடம் போடு. அரை மி.மீ. வால்நட்டுக்குப் பத்து நிமிடமே அதிகம், நார் பிளந்துவிடும். நனைந்த பலகையைக் கப்பல்மேல் கிளிப் போட்டு வளைத்துக் காயவிடு, ஒட்டாதே. நனைந்தால் மரம் அகலவாக்கில் உப்பும். உப்பினபடி ஒட்டினால் காய்ந்தபிறகு ஒவ்வொரு பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். நம் ஊர் ஈரத்தில் ஓர் இரவு மின்விசிறிக்குக் கீழே இருந்தால்தான் நம்பலாம். வெள்ளைப் பசையும் இங்கே மெதுவாகத்தான் இறுகும். அரை மணி நேரத்துக்கு முன்னால் கிளிப்பை எடுக்காதே. சூப்பர் குளூ இதற்கு எதிர்: காற்றின் ஈரமே அதை இறுக்கும். பலகையைச் சரிசெய்வதற்குள் பிடித்துவிடும், சுற்றிலும் வெள்ளைப் புகை படியும், கறை பட்ட வால்நட்டில் வார்னிஷ் ஏறாது. வெளி அடுக்குக்கு அதை நான் தொடமாட்டேன். பலகைக் கட்டைச் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வை.

இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கத்தில் நான்கைந்து ஏற்றினால் ஏரா வாழைப்பழம்போல் வளைந்துவிடும், பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை. ஒவ்வொரு சோடிக்கும் இரும்பு அளவுகோலை வைத்துப் பார். கப்பலின் வயிறு வளையும் இடத்தில் பலகையின் உள்விளிம்பை ஒரு சீவு சீவினால் சந்து விழாது.

எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான். பசை போடுமுன் பலகையை இரண்டு விரலால் வங்கின்மேல் வை. தானாகப் படுக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளிப் படுக்கவைத்தால் மறு விளிம்பு கட்டாயம் எழும்பும். உன் ஆறாவது பலகை அப்படித்தான் எழும்பியது.

அடுத்த மாதம் மகளைப் பார்க்கக் கோல திரெங்கானு போகிறாயாமே. புலாவ் டூயோங்குக்கு ஒரு நடை போய்வா. அங்கே செங்கால் என்ற கடின மரத்தில் படகு கட்டும் முறை உன் பெட்டிக் கப்பலுக்குத் தலைகீழ்: முதலில் பலகையோடு பலகையை மரஆணியால் கோத்து மேலே ஏற்றுவார்கள், நடுவில் கெலாம் மரப்பட்டை வைப்பார்கள், வங்கு பிறகுதான் வரும். அணியத்தை நெருங்கும்போது பலகைகள் எப்படிச் சிறுத்துக்கொண்டே போகின்றன என்று பக்கத்தில் நின்று பார். முடிந்தால் படமெடுத்து வா.

வால்நட் அடுக்கைப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: 1:50 அளவில் நிஜக் கப்பலின் 6 மீட்டர் பலகை 12 செ.மீ. வரும், அந்த நீளத்துக்கு வெட்டி வை. ஒரே வங்குக்கோட்டில் இரண்டு மூட்டு வந்தால் நடுவே மூன்று வரிசை இருக்க வேண்டும்.

ஆப்புப் பலகை போட்டதும் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. பின்கம்பத்தைத் தேய்த்தாயா இல்லையா என்றும் எழுது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோட்டத்துத் தோழன்