போர் போடும் முன் மண்ணை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவொற்றியூரில் கடலோரத் தெருவில் குடியிருக்கிறேன். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து 120 அடி போர் போட்டோம். வந்தது உப்புத் தண்ணீர். எவர்சில்வர் குடத்தில் மறுநாளே வெள்ளைப் படலம்.

அப்புறம்தான், மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வு பற்றித் தெரிந்தது. நேர்கோட்டில் நான்கு கம்பிகளை அடித்து, வெளிக் கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையே வோல்ட்டேஜ் அளக்கிறார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளத் தள்ள இன்னும் ஆழம் தெரியும். கடல்நீர் ஏறிய மணலில் தடை வெகுவாக இறங்கிவிடும். களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும். ஆகவே உப்பா, களிமண்ணா என்று பிரித்தறிய பக்கத்துக் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும்.

எங்கள் தெருக்களில் கம்பியை நீட்ட இடமில்லை, சரி. பள்ளி மைதானங்கள் இருக்கின்றனவே! அங்கே அளந்து, உப்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று வார்டு வாரியாக மாநகராட்சி வெளியிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஃபிட்டர், திருவொற்றியூர்