பெட்டியில் 3200, கணினியில் 2133

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி மெதுவாக இருந்தால் ராமை (தற்காலிக நினைவகத்தை) மாற்றிப் பாருங்கள் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம் சொன்ன யோசனை சரியானதே. ஆனால் ராமைச் செருகி மூடியைப் பூட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெட்டியில் 3200 (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று அச்சிட்ட டிடிஆர்4 தலைமுறை ராம், பல கணினிகளில் 2133, 2400, 2666 ஆகியவற்றில் ஏதோ ஒரு வேகத்தில்தான் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. 6000 என்று வாங்கிய அடுத்த தலைமுறை டிடிஆர்5, 4800-இல் நிற்கிறது. வாங்கியவருக்கு அது தெரியவே தெரியாது.

ராம் பலகையில் எஸ்பிடி என்ற சின்னஞ்சிறு சிப் ஒன்று உண்டு. ஜெடெக் அமைப்பு வகுத்த பொது வேகங்கள் அதில் பதிவாகியிருக்கும். கணினி முதன்முதலில் எழும்போது அவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் சோதித்து, பெட்டியில் அச்சிட்ட வேகம் அதே சிப்பில் தனிப் பதிவாக இருக்கும். இன்டெல் வழியில் அதன் பெயர் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் டிடிஆர்5-க்கு எக்ஸ்போ. நாமாகப் போய்த் தேர்ந்தெடுக்காதவரை அந்தப் பதிவு சும்மாவே கிடக்கும். 1.2 வோல்ட்டில், சிஎல்22 டைமிங்கோடு (ராமின் தாமத அளவோடு) வரும் சாதாரண 3200 ராம் ஒரு விதிவிலக்கு. பிராசசர் ஏற்றால் அது தானாகவே 3200-இல் ஓடும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் இப்போது ஓடும் வேகம் தெரியும். சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், அது 3200-தான்.

மாற்றுவது எளிது. கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போக வேண்டும். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என மதர்போர்டுக்கு ஒரு பெயரில் அந்த வசதி இருக்கும். அதில் முதல் புரொஃபைலை, அதாவது முன்பு சொன்ன அந்தத் தனிப் பதிவைத் தேர்ந்து, எஃப்10 அழுத்திச் சேமித்தால் போதும். வேகத்தை மட்டும் கையால் 3200 என்று ஏற்றுவது பலரும் செய்யும் தவறு. ராமின் ஒட்டுவில்லையில் ‘16-18-18-38, 1.35 வோல்ட்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். வேகம், டைமிங், வோல்ட்டேஜ் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த உத்தரவாதம். வோல்ட்டேஜ் 1.2-இலேயே நின்றால் கணினி தடுமாறுவதில் வியப்பில்லை.

சேமித்த பிறகு திரை கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 கணினிகள் புது வேகத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். உண்மையிலேயே எழவில்லையென்றால் பெரும்பாலான மதர்போர்டுகள் சில முயற்சிகளுக்குப் பின் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அப்படியும் வராவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

அப்போதும் அச்சிட்ட வேகம் நிற்காவிட்டால், முதலில் ஸ்லாட்டைப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதானால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பிராசசரிலிருந்து வரும் மின்தடங்கள் போய் முடியும் கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் மின்குறிப்பு அங்கே மோதித் திரும்பி, வேகம் கூடக் கூடப் பிழையாகும். வேறு வேறு பெட்டியில் வாங்கிய ராம்களைக் கலப்பதும் தொல்லைதான். மாடல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் சுமை இன்னும் கூடும். ரைசன் 7000 வரிசை பிராசசர்களுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. இன்டெல் எச்610 போன்ற சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) உள்ள போர்டுகளிலோ பிராசசர் ஏற்கும் வேகத்துக்கு மேல் ராமை ஓட்ட வழியே கிடையாது. இவற்றை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். மற்றபடி 3600 நிற்காமல் 3466 நின்றால் அதை ஏற்றுக்கொள்வதில் பெரிய இழப்பில்லை.

ஒற்றை ராமோடு கணினி விற்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிடிஆர்4-இல் ஒரே ராம் 3200-இல் ஓடினால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போகும். இரண்டு ராம் இரட்டை சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரு வழிகளில், வெறும் 2133-இல் ஓடினாலும் 34 ஜிபி. 3200-இல் ஓடினால் 51 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது சோதனையை. விண்டோஸ் திறந்துவிட்டது என்பதாலேயே ராம் சரியாக ஓடுகிறது என்று ஆகாது. ராமில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டால், புரண்டபடியே அது கோப்பாகப் பதிவாகிவிடும். பல மாதம் கழித்து ஜிப் கோப்பு திறக்காது, குடும்பப் படத்தின் பாதி சாம்பல் நிறமாக இருக்கும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. யுஎஸ்பியில் ஏற்றி, நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். புது வேகத்தை இயக்கிய பிறகு, இந்தச் சோதனை முடியும் முன் விண்டோஸ் நிறுவுவதோ பயாஸ் புதுப்பிப்பதோ கூடாது.

ரைசன் 7000 போன்ற பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. எக்ஸ்போவை இயக்கும்போது, பிராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜும் உயரும். 2023-இல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகிய பிறகு, அதற்கு 1.3 வோல்ட் வரம்பு வைத்துப் புது பயாஸ்கள் வந்தன. அதற்கு முந்தைய பயாஸ் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் எக்ஸ்போவைத் தொட வேண்டும். இந்த வேகங்களை பிராசசர் நிறுவனங்கள் ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) கணக்கில் சேர்ப்பதால், உத்தரவாத நிபந்தனையையும் படித்துக்கொள்வது நல்லது.

கணினி கட்டித் தருவோரிடம் ஒரு வேண்டுகோள். புரொஃபைலை இயக்கி, சோதித்து, ஓடும் வேகத்தை ரசீதில் எழுதிக் கொடுங்கள். வாங்குவோர் அதைக் கேட்டு வாங்குங்கள். பயாஸைப் புதுப்பித்தாலோ அந்தச் சிறு பேட்டரி தீர்ந்தாலோ எல்லாம் பழைய வேகத்துக்குப் போய்விடக்கூடும் என்பதால், அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்