ஸ்பானிஷில் இரண்டு ‘இல்லை’ சேர்ந்தாலும் ‘இல்லை’தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் ஸ்பானிஷ் பாடத்தில் ‘நோ வேயோ நாதா’ என்பதற்கு ‘நான் ஒன்றும் பார்க்காமல் இல்லை’ என்று பொருள் போட்டிருந்தது. தவறு. ‘என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்பதுதான் சரி. ‘நோ’ ஓர் எதிர்மறை, ‘நாதா’ இன்னோர் எதிர்மறை, இரண்டும் சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, ஸ்பானிஷில் அந்தக் கணக்கு செல்லாது.

நமக்கு இது புதிதா என்ன? ‘யாரும் வரவில்லை’, ‘ஒன்றும் வேண்டாம்’ என்று தினமும் பேசுகிறோமே. ‘ஒன்றும்’ வினையிலுள்ள எதிர்மறையோடு சேர்ந்தே வருகிற மாதிரிதான் ‘நாதா’வும். ‘பிறந்த பொருள்’ என்னும் லத்தீன் வழக்கிலிருந்து வந்த சொல் அது, முதலில் அதில் ‘இல்லை’யே கிடையாது, எதிர்மறை வாக்கியங்களிலேயே புழங்கிப் புழங்கி ‘ஒன்றுமில்லை’ ஆகிவிட்டது. (வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் பக்திப் பாட்டா என்று கேட்கிறார்கள்.)

பெரிய வித்தியாசம் இடம்தான். நாம் ‘இல்லை’யை வினையின் வாலில் கட்டுகிறோம், அவர்கள் ‘நோ’வை வினைக்கு முன்னால் வைக்கிறார்கள். ‘நோ வியேனெ நாதியே’ என்றால் யாரும் வரவில்லை. அந்த ‘நாதியே’யைத் தூக்கி வினைக்கு முன்னால் வைத்துவிட்டால் ‘நோ’ போய்விட வேண்டும்: ‘நாதியே வியேனெ’. பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், கேள்விக்குப் பதில் சொல்லும்போது இரண்டு ‘நோ’ வரும். நான் இதில் மாட்டிக்கொண்டவன். இணையவழியில் எனக்குச் சொல்லித்தரும் மெக்சிகோ ஆசிரியை இறைச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்டார், நான் ‘நோ’ என்று சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டு, ‘கோமோ கார்னெ’ என்றேன். அவர் சிரித்துவிட்டார். ‘இல்லை, இறைச்சி சாப்பிடுவேன்’ என்று ஆகிவிட்டதாம். ‘நோ, நோ கோமோ கார்னெ’ என்றிருக்க வேண்டும், முதல் ‘நோ’ கேள்விக்கு, இரண்டாவது வினைக்கு.

அடுத்த வாரம் கட்டளை வாக்கியங்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். ‘கோமெ’ என்றால் சாப்பிடு. அதன் முன் வெறும் ‘நோ’ சேர்த்தால் ‘சாப்பிடாதே’ ஆகாது, ‘அவர் சாப்பிடுவதில்லை’ என்றுதான் ஆகும். ‘நோ கோமாஸ்’ என்று வினையே மாற வேண்டும். தயவுசெய்து அச்சுக்குப் போகுமுன் தெரிந்தவர் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர், திண்டுக்கல்