பாம்பு மண் சுமந்ததை யார் பார்த்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கோயில் கட்டுரையில், ஆளுயரப் புற்றின் படத்துக்குக் கீழே ‘நாகம் கட்டிய புற்று’ என்று போட்டிருக்கிறீர்கள். கையும் காலும் இல்லாத பாம்பு மண் சுமந்து கட்டியதாம்! கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை தங்களுக்குத் தெரியாததல்ல. குடிவந்தவர் பேருக்கே பட்டாவையும் எழுதிவிட்டீர்கள்.

இதுதான் முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். சிறுவர் பக்கத்தில் கறையானை ‘வெள்ளை எறும்பு’ என்றீர்கள். எறும்பு குளவிக்குப் பங்காளி, கறையான் கரப்பான்பூச்சிக்கு. ஆண் எறும்பு இணை சேர்ந்ததும் செத்துப்போகும். கறையான் ராஜாவோ ராணியோடு கடைசிவரை குடித்தனம் நடத்துவார். அப்புறம் ஐப்பசியில் ஒரு கவிஞர் ‘ஒருநாள் ஈசலே’ என்று உருகியிருந்தார். பல்லிக்கும் காக்கைக்கும் தப்பிய ஜோடி இறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் பல வருடம் வாழ்கிறதே! அந்த ராஜாவும் ராணியும் பழைய ஈசல்கள்தான் ஐயா. அப்போதே அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. சரி, வேலை அதிகம் இருந்திருக்கும்.

நான் 32 வருடம் உயிரியல் நடத்தியவன். பக்கத்து மனைக்காரர் பொக்லைன் வைத்துப் புற்றை இடித்தபோது கூடவே நின்றேன். பாம்பு ஒன்றும் வரவில்லை. உள்ளே மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பூஞ்சைக் கூடுகள். தின்ற சருகையும் கட்டையையும் கழிவாக்கி, அதில் பூஞ்சை வளர்த்து, அது பக்குவப்படுத்திக் கொடுப்பதைத் திரும்பத் தின்கிற விவசாயிகள் இவை. நடுவே மண் அறையில் விரல் நீளத்துக்கு ராணி, நகர முடியாமல் கிடந்தது. மழை விட்டதும் அம்மா பறித்து வந்து குழம்பு வைத்த புற்றுக்காளான் இந்தத் தோட்டத்து விளைச்சல்தான் என்று அந்த வயதில் யார் சொன்னார்கள்?

புற்று மூச்சும் விடுகிறது. நம் பக்கத்து வகையான ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ் கட்டிய புற்றுகளில் பெங்களூரில் கருவி வைத்து அளந்து, 2015இல் வெளியிட்டார்கள். பகலில் வெளி மடிப்புகளில் காற்று சூடேறி மேலே போகிறது, நடுப்புழையில் கீழே இறங்குகிறது. இரவில் அப்படியே தலைகீழ். இதையெல்லாம் நாகத்தின் கணக்கில் எழுதுவது நியாயமா?

புற்றுக்குப் பால் ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை. ஆடி வெள்ளியில் என் மனைவி ஊற்றும்போது சொம்பைப் பிடித்துக்கொள்வதே நான்தான். அடுத்த இதழில் ஓர் ஓரமாக ‘புற்றைக் கட்டியது கறையான்’ என்று ஒரு வரி போடுங்கள், போதும். இடமில்லை என்றால் ராசிபலனில் துலாத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். என் ராசிதான், ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
புதுக்கோட்டை.