கல்லும் நீரும்: நம் நடை ஒளிப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

புதுக்கோட்டைச் சீமையின் கற்சுவர்களையும் சிதைவுகளையும் நீர்நிலைகளையும் கால்நடையாகச் சென்று கண்டு ஒளிப்படம் எடுத்துவரும் நம் சங்கத்தின், கடந்த தை முதல் மார்கழி முடியவுள்ள ஓராண்டுப் பணிகளை இவ்வறிக்கையில் பதிவு செய்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசித்தளிப்பார். புதிய உறுப்பினர் சேர்க்கை பற்றிய விவரங்கள் பதிவேட்டில் உள்ளன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் நிறைவேற்றிய முக்கியமான தீர்மானம் ஒன்றுதான். ஓர் இடத்துக்கு ஒரு முறை போய், அழகாக அமைந்த நாலு படங்களோடு திரும்பிவிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, நீர் வற்றிக் கிடக்கும் வைகாசியில் ஒரு முறையும் நீர் பெருகி நிற்கும் கார்த்திகையில் ஒரு முறையும், அதே இடத்தில் நின்று, அதே திசையை நோக்கி, கேமராவை அதே உயரத்தில் வைத்துப் படம் எடுப்பது என்பதே அது. வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத இம்மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே வெட்டப்பட்டவை. இங்கே பழைய கல்வேலைகளில் பெரும்பகுதி நீரைத் தேக்கவோ திருப்பவோ வடிக்கவோ செய்யப்பட்டதாகும். நீர் இல்லாத நாளில் மட்டும் பார்த்தால் மிகை நீரை வெளியேற்றும் கலிங்கு ஒரு சிதைந்த சுவராகவும், பாசன நீரைத் திறந்துவிடும் மடை ஒரு கற்குவியலாகவும் தெரியும். நீர் உள்ள நாளில் மட்டும் பார்த்தால் அவற்றில் பாதி கண்ணுக்கே தெரியாது. ஆகவே இரண்டு படங்களும் சேர்ந்தால்தான் ஓர் இடத்தின் படம் முழுமையாகும் என்று கருதினோம். அக்கருத்து சரியானதே என்பதை இந்த ஆண்டு நமக்குக் காட்டியது. அது காட்டிய விதம் வருத்தத்துக்குரியது.

அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் வைகாசியில் நடந்து சென்ற கண்மாய்களுள் ஒன்றில், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, உள்வாயில் ஒரு குமிழித் தூம்பு இருந்தது. ஊரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குமிழித் தூம்பை முதன்முறையாகக் காணும் புதிய உறுப்பினர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கும் மேலான இரண்டு கருங்கல் தூண்கள் எதிரெதிரே நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களின் நடுவே துளை இருக்கும். அத்துளைகளின் வழியே இறங்கும் தண்டு, தரைமட்டத்தில் புதைந்துள்ள கல்தொட்டியின் மேல்மூடியிலுள்ள நீரோடித் துளையை அடைத்து நிற்கும். தண்டை உயர்த்தினால் நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியே வயலுக்குப் பாயும். தொட்டியின் அடியிலுள்ள சேறோடித் துளைகள் வண்டலையும் உடன் இழுத்துச் செல்லும். திறக்கும்போது நீர்ப்பரப்பில் குமிழிகள் எழுவதால் இப்பெயர் வந்தது என்பார்கள். இந்த வட்டாரத்தில் இத்தகைய தூண்கள் பலவற்றில், தூம்பை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயரைக் கூறும் பழைய கல்வெட்டுகளும் உள்ளன.

நாம் கண்ட தூண்களில் எழுத்து ஏதும் இல்லை. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தபோது, தூணின் ஒரு பக்க விளிம்பில், பாறையிலிருந்து கல்லைப் பிளந்தெடுக்க வரிசையாக இட்ட ஆப்புக் குழிகளின் பாதி அப்படியே நின்றது. ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரல் நுனி சரியாகப் பொருந்தியது. தூணின் மேல் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் படிந்திருந்தன. அவை அந்தந்த ஆண்டில் நீர் நின்ற மட்டங்கள். அவற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து நின்று, “இந்தக் கல்லு கழுத்து வரைக்கும் தண்ணி நின்னாத்தான் ரெண்டாம் போகம்னு எங்கப்பா சொல்லுவாரு தம்பி” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த நடை போனது தகும் என்று நான் அன்றைய குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் அதே இடத்தில் போய் நின்றபோது ஒரு தூண்தான் நீருக்கு மேலே தெரிந்தது. நீர் மட்டம் உயர்ந்ததால் மற்றது மறைந்திருக்கும் என்று முதலில் எண்ணினோம். வைகாசிப் படத்தின் அச்சுப்பிரதியைக் கையில் வைத்து ஒப்பிட்டதும் இரண்டும் ஒரே உயரமுள்ளவை என்பது தெரிந்தது. விசாரித்ததில், ஆடி மாதம் வண்டல் அள்ளியபோது மண் அள்ளும் இயந்திரம் இடித்துத் தூண் முறிந்துவிட்டதாக ஊரார் கூறினர். முறிந்த மேல் துண்டு கரையோரத்தில் கருவேல முட்களுக்கு நடுவே கிடந்தது. கண்மாயைத் தூர்வாருவது நல்ல காரியம். அதனைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. ஆனால் வேலை தொடங்கும் முன் தூம்பைச் சுற்றி நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. நம் இரண்டு படங்களையும் இணைத்து, தூணை மீண்டும் நிறுத்தித் தருமாறு உரிய அலுவலகத்தில் மனு அளித்துள்ளோம். இதுவரை பதில் வரவில்லை. இதற்கிடையில் ஊர் இளைஞர்கள் அந்தத் துண்டைத் தூக்கிவந்து கோயில் ஆலமரத்தடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

நார்த்தாமலைக்கு இந்த ஆண்டும் இரு முறை சென்றோம். மேலமலைச் சரிவில் நிற்கும் விசயாலய சோழீச்சுரம் மேற்கு நோக்கிய கற்றளி. ஆகையால் காலையில் போய் எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த படங்களைவிட, மாலை நான்கு மணிக்குமேல் எடுத்த படங்களில் துவாரபாலகர்களும் தூண்களும் தெளிவாக வந்துள்ளன. சதுரமான விமானத்துக்குள் வட்டமான கருவறை அமைந்த அரிய கோயில் இது. இதனை முதலில் எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் என்றும், மழையால் இடிந்ததை மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தார் என்றும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. மழைக்கு இடிந்த கல்லையும், அதைத் திரும்ப எடுத்துக் கட்டிய கையையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் அக்கல்வெட்டை, கார்த்திகை நடையில், வெறும் பாறையில் மழைநீர் வழிந்தோடிக்கொண்டிருக்க நாங்கள் குடை பிடித்தபடி நின்று படித்தது பலருக்கும் நினைவிருக்கும். மழை விட்டதும் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் விமானம் தலைகீழாகத் தெரிந்தது. அதை எல்லோரும் எடுத்தார்கள். ஆனால் இளைய உறுப்பினர் ஒருவர் எடுத்த படமே என் கணிப்பில் அன்றைய சிறந்த படம்: பாறைச் சரிவில் நீர் தானாக வகுத்துக்கொண்ட வழியும், அவ்வழியின் ஓரத்தில் படிந்த கரிய பாசிக் கறையும் மட்டுமே அதில் உள்ளன. கோயில் அதில் இல்லை.

அன்றே ஓர் அசம்பாவிதமும் நேர்ந்தது. சுனையோரப் பாசியில் உறுப்பினர் ஒருவரின் கால் வழுக்கியது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. கேமரா சுனைக்குள் விழுந்துவிட்டது. செயலாளர் என்ற முறையில் அதற்கு நானே பொறுப்பு. மழை பெய்த பாறையில் அத்தனை பேரைச் சுனையருகே போகவிட்டிருக்கக் கூடாது. இனி மழை நாளில் சுனை விளிம்புக்கு எவரும் தனியாகச் செல்வதில்லை என்றும், ரப்பர் அடியுள்ள காலணி இல்லாதவர் சரிவில் ஏறுவதில்லை என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது.

சித்தன்னவாசல் நடை வைகாசியில் நடந்தது. ஏழடிப்பட்டம் என்னும் குகைக்குச் செல்லும் பாறை விளிம்பில், காலை ஊன்றிச் செல்ல வெட்டிய பள்ளங்களில் அடி வைத்துப் போய், சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளையும் அவற்றின் தலைமாட்டில் திண்டுபோல் விடப்பட்ட கல்லையும் பார்த்தோம். தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பெரிய படுக்கையைப் படமெடுக்கும்போது, எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக அதன்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதோ மாவு தூவுவதோ நீர் தெளிப்பதோ கூடாது என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன். இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஒருவர் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றொருவர் நேர் மேலிருந்து எடுத்தால் போதும். உளி வெட்டின் ஒரு கரை ஒளியிலும் மறு கரை நிழலிலும் நின்று எழுத்து தானே எழும்பி வரும். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையில் தாமரைக் குளத்தை வரைந்த மேற்கூரை ஓவியத்தின் முன் நம்மவர் எல்லோரும் கேமராவை உறைக்குள் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார்கள். மீனும் யானையும் எருமையும், தண்டோடு தாமரை ஏந்தி நிற்கும் ஆட்களும் நிறைந்த அக்குளம், சுற்றிலும் கண்மாய்கள் வெடித்துக் கிடந்த அந்த மாதத்தில், நாங்கள் கண்ட ஒரே நிறைகுளமாக இருந்தது.

கொடும்பாளூரில் மூவர் கோயிலின் இரண்டு விமானங்களைவிட, அடித்தளம் மட்டும் எஞ்சிய மூன்றாவதன்மேல் உறுப்பினர்கள் அதிக நேரம் செலவிட்டது எனக்கு நிறைவளித்தது. குடுமியான்மலைக்குப் போக எண்ணியிருந்த நாளில் பேருந்து கிடைக்காமல் நடை கைவிடப்பட்டது.

திருமயம் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 1687-ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்ததாகக் கூறப்படும் இக்கோட்டையைச் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1858-இல் படமெடுத்திருக்கிறார். மெழுகு பூசிய தாளையே நெகடிவ்வாகப் பயன்படுத்தி, பெரிய பெட்டிக் கேமராவையும் மருந்துகளையும் மாட்டுவண்டிப் பாதைகளில் சுமந்துவந்து அவர் எடுத்த புதுக்கோட்டைப் படங்கள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கியவரும் அவரே. அவருடைய திருமயப் படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எங்கே நின்று எடுத்திருப்பார் என்று தேடியபடி ஒரு காலைப்பொழுது முழுவதும் பாறையைச் சுற்றி நடந்தோம். பாறையின் விளிம்பும் மதிலின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்தும் கோணத்தைக் கொண்டு ஏறக்குறைய ஓரிடத்தை முடிவு செய்தோம். அங்கிருந்து பார்த்தால் இப்போது வீடுகளும் மின்கம்பங்களும் குறுக்கே நிற்கின்றன. அவற்றைத் தவிர்க்கச் சிலர் தள்ளிப் போய் நிற்க விரும்பினர். நான் உடன்படவில்லை. இடம் மாறினால் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லாமல் போகும். கம்பத்தோடும் கம்பியோடும் வருவதே இந்த ஆண்டின் உண்மையான படம். கோட்டைக்குள் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும் என்பதால் உள்ளே எடுத்தவை அனைத்தும் கையில் பிடித்து எடுத்தவையே.

பொற்பனைக்கோட்டையில் செம்புறாங்கல் மேட்டையும் அகழியையும் வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்பினோம். 2023-இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த இடம் அது. மழையில் ஊறிய செம்புறாங்கல் ரத்தச் சிவப்பாகவும் காய்ந்தால் காவியாகவும் தெரிவதால், அங்கே மட்டும் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டாம் என்பது என் கருத்து.

படங்களைச் சேமிக்கும் பணியில் ஒரு முன்னேற்றம் உண்டு. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் தனித்தனியே, இடம், மாதம், நின்ற புள்ளி, பார்த்த திசை ஆகிய குறிப்புகளோடு படங்கள் வைக்கப்பட்டுள்ளன. செல்போனில் எடுத்தவர்களும் குறிப்பை எழுதித் தர வேண்டும். குறிப்பில்லாமல் வந்த நல்ல படங்கள் பல, எந்தக் கண்மாய் என்றே தெரியாமல் தனிக் கோப்பில் கிடக்கின்றன. அவற்றை அடையாளம் காண உதவுமாறு மூத்த உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டின் முதல் நடை, தூண் முறிந்த அந்தக் கண்மாய்க்கே. நீர் இன்னும் கலிங்கு மட்டத்துக்குக் கீழே ஒரு முழம்தான் இறங்கியிருக்கிறது என்று ஊரிலிருந்து தகவல் வந்துள்ளது. எஞ்சிய தூணில் இந்த ஆண்டின் கோடு எங்கே விழுகிறது என்பதை ஈரம் காய்வதற்குள் எடுக்க வேண்டும். தை மாத முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் கூடுவோம். வைகாசிப் படத்தின் அச்சுப்பிரதியை நான் கொண்டு வருகிறேன். ஆலமரத்தடியிலுள்ள துண்டை அளக்க யாராவது ஓர் அளவு நாடா எடுத்து வரவும்.

இங்ஙனம்,
செயலாளர்