மாணிக்கத்துக்கு என்ன பண்றதுன்னு நீயே சொல்லு

வில்லிவாக்கம்
20.1.2026, செவ்வாய்

அன்புள்ள கார்த்திக்,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நலம். பொங்கலுக்கு நீ பேசினது ரெண்டு நிமிஷம், அதுலயும் கேமரா ஆஃப். நெட் சரியில்லைன்னு சொன்னே. சரி. போன்ல சொன்னா பாதியிலயே "அப்புறம் பேசறேம்மா"ன்னு வெச்சிடுவே. அதான் அக்கா போன்ல தமிழ் போட்டுக் கொடுத்து எழுதறேன். முழுசாப் படி.

விஷயம் நம்ம இகுவானா மாணிக்கம்.

தீபாவளிக்கு அப்புறமே அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. கிளை மேல ஏறுறதை விட்டுடுச்சு. விரல் எல்லாம் அப்பப்ப துடிக்கும். மழைக்காலம், குளிருதுன்னு நினைச்சோம். போன வாரம் கூண்டைக் கழுவலாம்னு தூக்கினேன். பின்னங்கால் ரெண்டும் கொழுகொழுன்னு இருந்துச்சு. நல்லா சதை போட்டிருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டே கீழ விட்டேன். நடக்கலை. முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கிட்டு சோபாவுக்கு அடியில போச்சு. வயிறு தரையில தேயுது.

முதல்ல போன இடத்துல நாய், பூனைதான் பார்ப்போம்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. அப்புறம் கிளி, ஆமை எல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரை மாமா விசாரிச்சுச் சொன்னார். சின்னப் பையன், உன் வயசுதான் இருக்கும். துண்டு மேல படுக்க வெச்சு ரெண்டு விரலால கீழ்த்தாடையை அமுக்கினார். எலும்பு வளைஞ்சு கொடுத்துச்சு கார்த்திக். அவர் கையை எடுத்த பிறகுதான் நிமிர்ந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்.

கால்ல இருக்கிறது சதை இல்லையாம். எலும்புல வலு போனதால உடம்பே அதைச் சுத்தி நாராக் கட்டி வெச்சிருக்காம். எக்ஸ்ரேல எது எலும்பு எது சதைன்னே தெரியலை. தொடையில எப்பவோ ஒடிஞ்சு கோணலாச் சேர்ந்திருக்கு. முதுகு ரெண்டு இடத்துல வளைஞ்சிருக்கு. அஞ்சு வயசுக்கு நாலடிக்கு மேல வளர்ந்திருக்கணுமாம். நம்மளது வாலோட சேர்த்து ரெண்டரை அடி.

எல்லாம் அந்த லேம்ப்தான். நீ போகும்போது புதுசு அனுப்பறேன்னு சொன்ன லேம்ப். நான் ஞாபகப்படுத்தினேன், நீ ஆர்டர் போட்டுட்டேன்னு சொன்னே, வரலை. பழசு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதனால நாங்களும் விட்டுட்டோம். வெளிச்சம் இருக்கும், ஆனா அதுல இருக்கிற யூவிபிங்கிற புற ஊதாக் கதிர் ஒரு வருஷத்துக்குள்ள தீர்ந்துடும்கிறார் டாக்டர். வெயில் படட்டும்னு பால்கனிக் கண்ணாடி ஓரமா வெச்சிருந்தோம் இல்லையா, அதுவும் வீண். கண்ணாடி அந்தக் கதிரை உள்ள விடாது. கதிர் படலைன்னா தோல்ல வைட்டமின் டி உண்டாகாது. டி இல்லைன்னா எவ்வளவு கீரை போட்டாலும் சுண்ணாம்புச் சத்து உடம்புல ஒட்டாது. ரத்தத்துக்குச் சுண்ணாம்பு வேணுமே, அதை எலும்புல இருந்து உருவிக்குது. கீரையும் சரியில்லை. பசலை போட்டுக்கிட்டு இருந்தோம். பசலையில இருக்கிற ஏதோ ஒரு அமிலம் சுண்ணாம்பைப் பிடிச்சு வெச்சுக்குமாம்.

நீ ஃபிரிட்ஜ்ல ஒட்டின தாளை டாக்டர்கிட்ட காட்டினேன். முருங்கைக்கீரை, அகத்தி, செம்பருத்தி இலை, பூசணி, வாரத்துக்கு எத்தனை தடவைன்னு கட்டம் போட்டு எழுதினியே. காலேஜ் படிக்கிற பையன் எழுதினதான்னு கேட்டுட்டு அதைப் போட்டோ எடுத்துக்கிட்டார். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா. இவ்வளவு தெரிஞ்சவனுக்கு ஒரு லேம்ப் வாங்கி அனுப்பத் தெரியலையேன்னு ஆட்டோல வரும்போது கோபமும் வந்துச்சு.

இன்னொண்ணு. தொடைக்கு அடியில வரிசையா புள்ளி இருக்கும் இல்ல, ஆணுக்கு அது பெருசா இருக்குமாம். இதுக்கு ஊசி முனை அளவுதான். அஞ்சு வருஷமா மாணிக்கம் மாணிக்கம்னு கூப்பிட்டது பொண்ணு. அக்காகிட்ட சொன்னதும் அந்த வயித்தை வெச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சா. வளைகாப்பு போட்டோ எல்லாம் அனுப்பினேனே, பார்த்தியா? பார்த்தா ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

இத்தனை மாசம் எங்களுக்கு எப்படித் தெரியாம போச்சுன்னு கேட்டேன். இந்த ஜாதியே நோவை வெளியில காட்டிக்காதும்மான்னார். காட்டுல காட்டிக்கிட்டா எதுவாவது அடிச்சுத் தின்னுடும். அதனால சாப்பாட்டைக் குறைச்சுக்கும், ஒரு மூலையிலயே கிடக்கும், கூப்பிட்டா திரும்பாது. வீட்டுல இருக்கிறவங்க சோம்பேறித்தனம்னு நினைச்சுக்குவாங்க. வெளியில தெரியும்போது பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும்.

நீ ஒழுங்கா சாப்பிடுறியா? சமைக்கிறியா, இல்ல ரொட்டியா? உங்க கிளாஸ்கோவுலயும் அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வெயில்ல டி கிடைக்காதாம். குளிர் காலத்துல எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை போடுங்கன்னு அந்த அரசாங்கமே சொல்லியிருக்கு, அக்கா படிச்சுக் காட்டினா. ஒண்ணும் பெரிய விலை இல்லை. வாங்கிப் போடு.

சரி, விஷயத்துக்கு வரேன். டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு வைத்தியம். கால்சியம் மருந்து, காலையில நேரடி வெயில், வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார வைக்கணும், புது லேம்ப். ரெண்டு மாசத்துல தாடை கெட்டியாகலாம், துடிப்பு நிக்கலாம். வளைஞ்சது வளைஞ்சதுதான். பழையபடி கிளை ஏறாது. கால்ல கிள்ளினா இழுத்துக்குது, வெளிக்கும் தானாப் போகுது, அதனால முயற்சி பண்ணலாம்னு சொல்றார். இன்னொண்ணு, தூங்க வெச்சிடுறது. முதல்ல மயக்க மருந்து, அப்புறம் இன்னொரு ஊசி. வலிக்காது. ஆனா இதுங்களுக்கு மூச்சு நின்ன பிறகும் இதயம் ரொம்ப நேரம் அடிச்சுக்கிட்டே இருக்குமாம், அதனால நிச்சயம் பண்ணிட்டுத்தான் கையில கொடுப்பேன்னார். எனக்கு அதைக் கேட்டதும் அங்க உட்கார முடியலை.

கீழ்வீட்டுக்காரர் டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, குளிர் ரத்தம் தானே, தெரியாமலே போயிடும்கிறார். டாக்டர்கிட்ட சொன்னேன், அவருக்கு அப்படிக் கோபம் வந்துச்சு. உயிரோட உறையிறது கொடுமைம்மா, யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீங்கன்னார். மாமா கிண்டி காட்டுல விட்டுடலாம்கிறார். தென் அமெரிக்கா பிராணியைக் கொண்டுபோய் அங்க விடுறதா? அதுவும் நடக்க முடியாததை?

அப்பாவைப் பத்திதான் உனக்குத் தெரியுமே. ஓணானைக் கண்டா சுருக்குப் போட்டுப் பிடிச்சு வாயில மூக்குப்பொடி வெச்சு ஆட விட்ட ஊர்க்காரர். நீ இதை வாங்கிட்டு வந்த அன்னைக்கு, வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதைன்னு தெருவே கேட்கக் கத்தினார். டாக்டர்கிட்ட போயிட்டு வந்தப்ப, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டுடலாம்னு ஒரே வார்த்தைதான் சொன்னார். ஆனா தினம் காலையில எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போறது அவர்தான். பாதி வெயில் பாதி நிழலா இருக்கணும்னு குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். காக்கா வந்துடும்னு பேப்பர் கூடப் படிக்கிறதில்லை.

என்னைக் கேட்டா வைத்தியம்தான். நேத்து செம்பருத்திப் பூவை நீட்டினேன். நாக்கால தொட்டுப் பார்த்துட்டு வாயைத் திறந்துச்சு. பிடிக்கத் தாடையில வலு இல்லை, பூ நழுவி விழுந்துடுச்சு. எடுத்து நீட்டினா மறுபடி திறக்குது. மறுபடி விழுது. அப்புறம் கிள்ளிக் கிள்ளி நாக்கு மேல வெச்சேன், முழுசா ஒரு பூ தின்னுச்சு. சாகணும்னு இருக்கிறது அப்படித் திறக்குமா? பசி வேற, பிழைக்கிறது வேறடின்னு அப்பா சொல்றார். அவர் சொல்றதையும் தள்ள முடியலை. தூக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்குது. வலிதானே அது.

அதான் உன்னைக் கேட்கறேன். 2024-ல இந்த மாதிரி வெளிநாட்டுப் பிராணி வெச்சிருக்கிறவங்க பதியணும்னு புது விதி வந்தப்ப, அரசாங்கத்தோட பரிவேஷ் தளத்துல உன் பேர்லதான் பதிஞ்சே. செத்தாலும் அதுல தெரிவிக்கணும், அந்த பாஸ்வேர்டும் உன்கிட்டதான் இருக்கு. ஆனா நான் அதுக்காகக் கேட்கலை. கிளை ஏற முடியாம, ஒரு டப்பாவுக்குள்ள, நாங்க ஊட்டி விட்டு இருக்கிறது அதுக்குப் போதுமா போதாதான்னு எனக்குத் தெரியலை. ராத்திரி பூரா அது பக்கத்துல உட்கார்ந்து படிச்சவன் நீ. உனக்குத் தெரியும். வைத்தியம்னு சொன்னா நானும் அப்பாவும் பார்த்துக்கறோம், காசைப் பத்தி யோசிக்காதே. ஊசின்னு சொன்னாலும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். "உங்க இஷ்டம்மா"ன்னு மட்டும் எழுதாதே. தம்ஸ் அப்பும் போடாதே.

அந்த நவம்பர் விஷயத்தைப் பத்தி நான் கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்க மாட்டார், சொல்லி வெச்சிருக்கேன். படிப்பு, வேலை, எதுவா இருந்தாலும் அப்புறம். அத்தை கேட்டப்ப கூட பரீட்சைன்னு சொல்லிட்டேன். ஊருக்கு வரணும்னு தோணுச்சுன்னா வா, டிக்கெட் போடலாம். உன் ரூம் அப்படியேதான் இருக்கு, கூண்டு மட்டும் ஹாலுக்கு வந்திருக்கு.

சனிக்கிழமை 11:30-க்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். உனக்குக் காலையில ஆறு மணி. அலாரம் வெச்சு எழுந்திரு. வீடியோ கால்லயே டாக்டர் உன்கிட்ட பேசறேன்னு சொல்லியிருக்கார், கேட்க வேண்டியதை நீயே கேளு. கேமராவை ஆன் பண்ணு. அந்த நேரத்துக்கு அங்க இருட்டா இருக்கும், ரூம் லைட்டையும் போட்டுக்கோ.

அம்மா

பி.கு.: வைட்டமின் மாத்திரை வாங்கினதும் டப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பு. வாங்கிட்டேன்னு வாயால சொன்னா நம்ப மாட்டேன். லேம்ப்புல எந்த நம்பர் வாங்கணும்னும் எழுது, அப்பா ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பார்க்கறேங்கிறார்.