சல்தானாவோடு நிறுத்தாதே

அன்புள்ள கயலுக்கு,

இங்கே தென்னாப்பிரிக்காவின் சல்தானா துறைமுகத்தில் ஹைட்ரஜனால் தாதிலிருந்து இரும்பு எடுப்பது பற்றி, ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய திட்ட அறிக்கையைப் படித்துவிட்டேன். அம்மாவும் ஆரம்பித்தாள், இரண்டாம் பக்கத்தில் வரைபடங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள்.

நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜன் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நிலக்கரியால் தாதை உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் பக்கத்திலேயே வேலை செய்து முடித்தவன் நான். ஒரு டன் எஃகுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவைப் பற்றி உங்கள் ஆட்கள் எழுதியதில் கரன்ட் எங்கிருந்து வரும் என்பது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. முழுத் திட்டமும் அந்த வரியில்தான் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார். ஒரு டன் இரும்புக்கு ஐம்பது, அறுபது கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஆக ஹைட்ரஜனுக்கு மட்டும் ஏறக்குறைய 3,000 யூனிட். அந்த இரும்பை மின்சார உலையான ஆர்க் ஃபர்னஸில் உருக்கி எஃகாக்க இன்னும் 500 சேர்த்துக்கொள். இங்கே அரசு மின் நிறுவனம் எஸ்கம் தரும் மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவது, யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த கரன்டில் ஹைட்ரஜன் செய்தால் ஒரு டன் எஃகுக்குக் கார்பன் டை ஆக்சைடு மூன்று டன்னைத் தாண்டிவிடும். நம் பழைய ஃபர்னஸே பரவாயில்லை என்றாகிவிடும்! ஸ்வீடனில் லூலியோவில் ஹைட்ரஜனால் இரும்பு எடுக்கும் சோதனை ஆலை 2020-லேயே ஓடத் தொடங்கியது என்றால், அவர்களிடம் நீர்மின்சாரம் இருக்கிறது. நாம் 2023-ல் நாளுக்குப் பல மணி நேரம் லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்து மின்வெட்டில், இருந்தோம்.

அதனால் இங்கே சூரிய ஒளியும் காற்றாலையும் ஆலைக்கென்றே தனியாக வர வேண்டும். அதற்குச் சல்தானாவை விட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை, அதைத் தேர்ந்தெடுத்தது சரிதான். சிஷன் சுரங்கத்திலிருந்து தாது வரும் 861 கிலோமீட்டர் ரயில் பாதை வெயில் கொளுத்தும் வறண்ட நிலத்தின் ஊடாகத்தான் வருகிறது. மேற்குக் கடற்கரையில் காற்றுக்கும் குறைவில்லை. துறைமுகம் இருக்கிறது, 2020-ல் நிறுத்தி வைத்த எஃகு ஆலையில் தாதை உருக்காமலே இரும்பாக்கும் நேரடி ஒடுக்க உலையும் இருக்கிறது. அந்த உலை, பக்கத்தில் நிலக்கரியால் இரும்பு உருக்கும் கோரெக்ஸ் ஆலையின் வாயுவில் ஓடியது, ஹைட்ரஜனுக்கு மாற்றச் செலவாகும். தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துவார்கள். 2018-ல் கேப் டவுன் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதே. ஆனால் தாதிலிருந்து ஆக்சிஜனை ஹைட்ரஜன் எடுக்கும்போது நீராவிதானே வெளியே வருகிறது? குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கலாம். குறைவதற்குக் கடல்நீர் இருக்கிறது. தண்ணீரால் இந்தத் திட்டம் நிற்காது.

எனக்கு உறுத்துவது கடைசி அத்தியாயம். சல்தானாவில் இரும்பை பிரிக்கெட்டாக, அதாவது அழுத்திய கட்டியாக்கிக் கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பி அங்கே உருக்குவதாம். உலையிலிருந்து சூடாக வரும் இரும்பை அப்படியே ஆர்க் ஃபர்னஸில் போட்டால் டன்னுக்கு நூறு யூனிட்டுக்கு மேல் மிச்சம். அதை விட்டுவிட்டு, சோற்றை வடித்து ஆறவைத்து அடுத்த ஊருக்கு அனுப்பி அங்கே சூடு பண்ணுகிற கதையாக இருக்கிறது.

நம் ஊரை நினைத்துப் பார். நியூகாசில் எஃகு ஆலையை மூடுகிறோம், இல்லை தள்ளிவைக்கிறோம் என்று 2023 நவம்பரிலிருந்து மாறி மாறி அறிவிப்பு. உன்னோடு பள்ளியில் படித்த பையன்களில் பாதிப் பேர் டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் போய்விட்டார்கள். இந்த நாட்டில் எஃகு என்றாலே யாருக்கு வேலை என்ற கேள்வியும் கூடவே வரும். 1928-ல் அரசு எஃகு நிறுவனமான இஸ்கோரைத் தொடங்கியபோது ஏழை வெள்ளையருக்கு வேலை தருவதும் ஒரு நோக்கம். இப்போது இரும்பு இங்கே, எஃகு அங்கே என்றால் தாது தோண்டி அனுப்புவதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். உருக்குகிற வேலையும் உருட்டுகிற வேலையும்தான் ஊரை நிரப்பும்.

2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பா எல்லையில் கார்பனுக்குக் கட்டணம் கணக்கிடுகிறது. சுத்தமான எஃகையே இங்கிருந்து அனுப்பினால் அந்தக் கட்டணம் நமக்குச் சாதகம், பிரிக்கெட் அனுப்பினால் லாபத்தின் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடும். நீ அங்கே சம்பளம் வாங்குகிறாய், இதைக் கூட்டத்தில் பேசுவது சங்கடம் என்று தெரியும். இருந்தாலும் ஆர்க் ஃபர்னஸையும் சல்தானாவில் வைத்தால் கணக்கு எப்படி வரும் என்று மட்டும் கேட்டுப் பார். கேள்விதானே, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், எந்தத் தரத் தாதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? அதில் இரும்பு 67 சதவீதத்துக்குக் குறைந்தால் கசடு ஏறும், உருக்கும் செலவும் ஏறும். அறிக்கையில் அது எங்கேயும் இல்லை. விவரம் கிடைத்ததும் எழுதி அனுப்பு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் எண்களைக் குறித்துக்கொள்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அன்புடன்,
அப்பா
நியூகாசில்